சன்னலோர இருக்கையில் ஒரு நிரல்

கணினித் திரை கண்முன் இல்லாத நேரத்தில்தான் கணினிச் சிக்கல்கள் பல தெளிவடைகின்றன. நம் பணத்தின் பாதுகாப்புக்கும் அந்தத் தெளிவுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு.

நிரல் எழுதுபவர் என்றதும் ஒளிரும் திரையும், ஓயாத விசைப்பலகையும், மேசையில் ஆறிப்போன காப்பியுமாக ஒரு காட்சி நம் மனத்தில் எழுகிறது. அத்தொழிலில் இருப்பவர்களைக் கேட்டால் வேறொன்றும் சொல்வார்கள். மூன்று நாள் பிடி கொடுக்காத சிக்கல் அலுவலகப் பேருந்தில் வீடு திரும்பும்போது அவிழ்ந்தது என்பார் ஒருவர். இரவு ரயிலின் மேல் படுக்கையில் விழித்துக் கிடந்தபோது விடை கிடைத்தது என்பார் இன்னொருவர்.

பெங்களூரு, ஐதராபாத், புனே, சென்னை போன்ற நகரங்களில் மென்பொருள் பணியாளர்கள் நாள்தோறும் பயணத்தில் செலவிடும் நேரம் கொஞ்சமன்று. அந்த நேரத்தை எவ்வாறு பயன்படுத்துவது என்பது அவர்களுடைய சொந்த விஷயம்தானே என்று தோன்றலாம். ஆனால் நாம் கைப்பேசியில் அனுப்பும் ஒவ்வொரு ரூபாயும், யாரோ ஒருவர் முன்கூட்டியே எண்ணிப் பார்த்து வகுத்த வழியில்தான் செல்கிறது. அவர் எண்ணிப் பார்க்கத் தவறிய இடத்தில் நம் பணமும் நடுவழியில் நின்றுவிடக்கூடும். ஆகவே, நிரலாளர்கள் எங்கே, எப்படிச் சிந்திக்கிறார்கள் என்பதை வாடிக்கையாளர்களாகிய நாமும் அறிந்துகொள்வது பயனுடையதே.

கை முந்தும் இடமும் மனம் முந்தும் இடமும்

கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்துக்கு 1963-இல் ஐபிஎம் 1620 என்னும் கணினி வந்து சேர்ந்தது. நாட்டில் கணினிக் கல்வி வேரூன்றிய இடங்களுள் அது ஒன்று. அக்காலத்தில் நிரலின் ஒவ்வொரு வரியையும் ஓர் அட்டையில் துளைகளாகப் பதிக்க வேண்டும். அட்டைக் கட்டைக் கணினி மையத்தில் ஒப்படைத்துவிட்டு, முறை வரும்வரை காத்திருக்க வேண்டும். ஒரு துளை தவறினாலும் மீண்டும் வரிசையின் கடைசிக்குப் போக வேண்டியதுதான். எனவே அட்டைகளைக் கொடுப்பதற்கு முன்பே, தாளிலும் மனத்திலும் நிரலை ஒருமுறை முழுவதுமாக ஓட்டிப் பார்ப்பது கட்டாயமாயிற்று.

இன்று அந்தக் காத்திருப்பு இல்லை. எழுதிய வரி சரியா தவறா என்று சில நொடிகளில் தெரிந்துவிடுகிறது. இது பெரும் வசதிதான். ஆனால் இந்த வசதிக்கு ஒரு விலையும் உண்டு. விடை உடனே கிடைக்கும்போது, கேள்வியை முழுதாகப் புரிந்துகொள்ளும் முன்பே கை தட்டச்சு செய்யத் தொடங்கிவிடுகிறது. ஒன்றை மாற்றிப் பார்ப்போம், ஓடுகிறதா பார்ப்போம், ஓடாவிட்டால் இன்னொன்றை மாற்றுவோம் என்று வேலை நகர்கிறது. கடைசியில் நிரல் ஓடும். ஏன் ஓடுகிறது என்பது எழுதியவருக்கே விளங்காமல் இருக்கும்.

பயணத்தில் இந்த வரிசை தலைகீழாகிறது. பேருந்தின் கம்பியைப் பிடித்து நிற்பவரால் தட்டச்சு செய்ய இயலாது. அவரிடம் இருப்பது சிக்கல் ஒன்றே. அதை மனத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்க்கத்தான் முடியும். நூறு வரி நிரலை யாரும் மனத்தில் ஏந்திச் செல்ல முடியாதாகையால், தேவையற்றவை தாமாகவே உதிர்ந்து, சிக்கலின் எலும்புக்கூடு மட்டும் எஞ்சுகிறது.

வழியில் கிடைத்த விடைகள்

இவ்வாறு வழியில் விடை கண்டவர்களின் வரலாறு நெடியது. பிரெஞ்சுக் கணித அறிஞர் ஆன்றி புவான்காரே 1880 வாக்கில் ஒரு புதுவகைச் சார்புகளைப் பற்றி ஆராய்ந்து வந்தார். வாரக்கணக்கில் மேசையில் அமர்ந்து போராடிய பின், கான் என்னும் ஊரிலிருந்து நிலவியல் சுற்றுலா ஒன்றுக்குப் புறப்பட்டார். பயணப் பரபரப்பில் கணிதமே மறந்துபோயிற்று. குத்தான்சு என்ற ஊரில் பயணியர் வண்டி ஒன்றில் ஏறப் படியில் கால் வைத்த கணத்தில், தாம் தேடிய தொடர்பு முழு உருவில் மனத்தில் தோன்றியது என்று அவர் பின்னாளில் பதிவு செய்தார். வண்டியில் அமர்ந்து உரையாடலைத் தொடர்ந்த அவர், ஊர் திரும்பிய பிறகே அதை ஆற அமரச் சரிபார்த்தார்.

நம் நாட்டிலும் ஓர் எடுத்துக்காட்டு உண்டு. சென்னை மாநிலக் கல்லூரியில் படித்த சுப்பிரமணியன் சந்திரசேகர், 1930-இல் தம் 19-ஆம் வயதில் மேற்படிப்புக்காகப் பம்பாயிலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலேறினார். வெண்குறு விண்மீன்கள் பற்றி அவர் முன்பே ஆழ்ந்து படித்திருந்தார். கப்பலில் கிடைத்த நீண்ட ஓய்வில், அந்தக் கோட்பாட்டோடு சார்பியலையும் இணைத்துக் கணக்கிட்டபோது, அத்தகைய விண்மீனின் நிறைக்கு ஓர் உச்ச வரம்பு உண்டு என்று கண்டார். இன்று அவர் பெயரால் வழங்கும் வரம்பு அது. 1983-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கணினித் துறைக்கு வருவோம். நெதர்லாந்தைச் சேர்ந்த எட்ஸ்கர் டைக்ஸ்ட்ரா 1956-இல் ஒரு கேள்வியை மனத்தில் சுமந்து திரிந்தார். ஓர் ஊரிலிருந்து மற்றோர் ஊருக்குச் செல்ல மிகக் குறுகிய வழி எது? ஒருநாள் தம் வருங்கால மனைவியுடன் ஆம்ஸ்டர்டாமில் கடைகளுக்குச் சென்றவர், களைப்பாற ஒரு காப்பிக் கடையின் வெளிமுற்றத்தில் அமர்ந்தார். ஏறத்தாழ 20 நிமிடங்களில் விடை உருவாகிவிட்டது. கையில் தாளுமில்லை, எழுதுகோலுமில்லை. எழுத வழி இல்லாததால் தவிர்க்கக்கூடிய சிக்கல்களையெல்லாம் தவிர்க்க நேர்ந்தது என்றும், அம்முறை அத்துணை எளிமையாக அமைய அதுவே ஒரு காரணம் என்றும் அவர் பிற்காலத்தில் கூறினார். 1959-இல் வெளியான அந்தக் கட்டுரை மூன்றே பக்கம். இன்றைய வழிகாட்டி வரைபடச் செயலிகள் குறுகிய வழியைக் கண்டறியும் முறைகளுக்கு அதுவே மூத்த வேர்.

இம்மூவரும் வெறும் மனத்தோடு புறப்பட்டவர்கள் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். ஆங்கில அறிஞர் கிரகாம் வாலஸ் 1926-இல் எழுதிய நூலில் படைப்புச் சிந்தனையை நான்கு நிலைகளாகப் பிரித்தார்: ஆயத்தம், அடைகாத்தல், ஒளி தோன்றுதல், சரிபார்த்தல். பயணம் உதவுவது நடுவிலுள்ள இரண்டுக்கே. முதல் நிலைக்கும் கடைசி நிலைக்கும் மேசைதான் வேண்டும். அடைகாக்க முட்டை இல்லாமல் எவ்வளவு தொலைவு பயணம் செய்தாலும் பயனில்லை.

ஒரு ரயில், ஒரு சிக்கல்

பயணத்தில் சிந்திப்பது எப்படி இருக்கும் என்பதை ஓர் எடுத்துக்காட்டின் மூலம் படிப்படியாகப் பார்ப்போம். வங்கித் தலைமையகங்கள் நிறைந்த மும்பைக்கும், மென்பொருள் நிறுவனங்கள் நிறைந்த புனேவுக்கும் இடையே 1930 முதல் ஓடுகிறது டெக்கான் குயின் விரைவு ரயில். காலையில் புனேவிலிருந்து புறப்பட்டு, 192 கிலோமீட்டரைக் கடந்து மும்பையை அடைகிறது, மாலையில் திரும்புகிறது. பருவச் சீட்டு வைத்து அன்றாடம் அதில் போய்வருவோர் பலர். லோனாவாலாவைத் தாண்டியதும் ரயில் மேற்குத் தொடர்ச்சி மலையில் இறங்கத் தொடங்கும். கர்ஜத் வரும்வரை சுரங்கத்துக்குப் பின் சுரங்கம். கைப்பேசி இணைப்பு விட்டு விட்டுத்தான் கிடைக்கும்.

பணம் செலுத்தும் செயலி ஒன்றை உருவாக்கும் நிரலாளர் இந்த ரயிலில் ஏறுகிறார் என்று கொள்வோம். அவர் எடுத்துச் செல்லும் சிக்கல் இது: வாடிக்கையாளர் ஒருவர் கடைக்காரருக்கு 500 ரூபாய் அனுப்பப் பொத்தானை அழுத்துகிறார். கோரிக்கை வங்கிக்குப் போய்ச் சேர்கிறது. வங்கி அவர் கணக்கில் பற்று வைத்துக் கடைக்காரர் கணக்கில் வரவு வைக்கிறது. ஆனால் ‘முடிந்தது’ என்ற பதில் திரும்பி வருவதற்குள் ரயில் சுரங்கத்தில் நுழைந்துவிடுகிறது. பதில் வரவில்லை. வாடிக்கையாளர் மறுபடியும் பொத்தானை அழுத்துகிறார். 1,000 ரூபாய் போய்விடாமல் காப்பது எப்படி?

முதலில் தோன்றும் விடை எளியது. ஒரே நபர், ஒரே கடைக்கு, ஒரே தொகையை ஒரு நிமிடத்துக்குள் இருமுறை அனுப்பினால், இரண்டாவதைத் தள்ளிவிடலாம். மேசையில் இருந்திருந்தால் இதை ஐந்தே நிமிடத்தில் எழுதியிருப்பார். சோதனையிலும் தேறியிருக்கும். ரயிலில் எழுத வழியில்லை. ஆகவே அவர் எதிர்க்கேள்வி கேட்கிறார். 500 ரூபாய்க்குத் தனக்கொரு சட்டை வாங்கிய ஒருவர், அடுத்த நிமிடமே தம்பிக்கும் அதே விலையில் ஒன்று வாங்கினால்? அந்த இரண்டாவது 500 ரூபாய் நியாயமான விற்பனை. அதைத் தள்ளினால் கடைக்காரருக்கு நட்டம். ஒரு நிமிடத்தை அரை நிமிடமாகக் குறைத்தாலும் இதே குறை நீடிக்கும். நேரத்தை வைத்து மனிதரின் எண்ணத்தை அளக்க முடியாது என்பது தெளிவாகிறது.

அப்படியானால் எண்ணத்துக்கே ஓர் அடையாளம் கொடுத்தால் என்ன? வங்கியில் நாம் பெறும் டோக்கனைப் போல, ஒவ்வொரு கோரிக்கைக்கும் ஓர் எண். அந்த எண்ணுக்குரிய வேலை முன்பே முடிந்திருந்தால், வங்கி மீண்டும் பணத்தை நகர்த்தாமல் பழைய பதிலையே திரும்பச் சொல்லும். இங்கே அடுத்த கேள்வி எழுகிறது: அந்த எண்ணைக் கொடுப்பது யார்? கோரிக்கை வந்து சேர்ந்ததும் வங்கி கொடுப்பதென்றால், மறுமுறை வரும் அதே கோரிக்கைக்குப் புது எண் கிடைத்துவிடும், பயனில்லை. பொத்தானை அழுத்தும்போது கைப்பேசி கொடுப்பதென்றாலும், இருமுறை அழுத்தினால் இரண்டு எண்கள் ஆகிவிடும். ஆகவே ‘இந்தப் பணத்தை அனுப்புகிறேன்’ என்று வாடிக்கையாளர் முடிவு செய்து திரையைத் திறந்த அந்தக் கணத்திலேயே எண் பிறந்துவிட வேண்டும். எத்தனை முறை அழுத்தினாலும் அதே எண். தம்பிக்குச் சட்டை வாங்கத் திரையைப் புதிதாகத் திறந்தால்தான் புது எண். சிக்கலின் முடிச்சு இந்த ஓர் இடத்தில்தான் இருந்தது.

கர்ஜத் தாண்டி ரயில் சமவெளியில் ஓடும்போது இன்னோர் ஐயம் வருகிறது. வங்கியில் ஒரே கணினி மட்டுமா இருக்கிறது? ஒரே எண் தாங்கிய இரு கோரிக்கைகள் ஒரே நேரத்தில் இரு கணினிகளை அடைந்தால்? ‘இந்த எண் முன்பு வந்ததா?’ என்று இரண்டும் பார்க்கும். இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே தெரியும். இரண்டும் பணத்தை அனுப்பிவிடும். எனவே ‘வந்ததா’ என்று பார்ப்பதும், ‘வந்தது’ என்று எழுதுவதும் இடையில் யாரும் நுழைய முடியாத ஒரே செயலாக இருக்க வேண்டும். ஒரு பதிவேட்டில் ஒரு நேரத்தில் ஒரு பேனாதான் எழுதலாம் என்பது போல.

கடைசியாக, பற்று வைத்த பின், வரவு வைக்கும் முன் மின்சாரம் நின்றுவிட்டால்? இதற்குப் பழைய கணக்கு வழக்கமே வழிகாட்டுகிறது. பேரேட்டில் ஏற்றும் முன் குறிப்பேட்டில் எழுதுவது கணக்கர்களின் மரபு. செய்யப்போவதை முதலில் அழியாத குறிப்பில் எழுதிவிட்டு, பிறகு கணக்குகளைத் தொட வேண்டும். மின்சாரம் திரும்பியதும் கணினி அந்தக் குறிப்பைப் படித்து, பாதியில் நின்றதை முடிக்கும். அல்லது முற்றிலும் நீக்கும். பாதிப் பரிவர்த்தனை என்ற ஒன்று இருக்கக் கூடாது.

கல்யாண் நிலையம் வரும்போது நிரலாளரின் கையில் ஒரு வரி நிரல் கூட இல்லை. ஆனால் எழுத வேண்டியது என்ன என்பது இப்போது அவருக்குத் தெரியும். மேற்சொன்ன முறைகள் அனைத்தும் கணினித் துறையில் நன்கு நிலைபெற்றவை. அவர் புதிதாக எதையும் கண்டுபிடித்துவிடவில்லை. ஆயினும் ஒரு விதியைப் பாடமாக அறிந்தவருக்கும், அது ஏன் வேண்டும் என்பதைத் தாமே நடந்து சென்று கண்டவருக்கும் வேறுபாடு உண்டு. விதி பொருந்தாத புதுச் சூழல் வரும்போது, அதை அடையாளம் காண்பவர் இரண்டாமவரே.

புறப்படும் முன் சில யோசனைகள்

நிரல் எழுதும் வாசகர்களுக்கும், அத்தொழிலில் பிள்ளைகளைக் கொண்ட பெற்றோருக்கும் சில கருத்துகளைத் தொகுத்துத் தருகிறோம்.

• ஒரு பயணத்துக்கு ஒரு சிக்கல் போதும். அலுவலகத்தை விட்டுக் கிளம்பும் முன் அதை ஒரே கேள்வியாகச் சுருக்கி எழுதிக்கொள்ளுங்கள். ஒரு கேள்வியில் அடங்கவில்லை என்றால், அது இன்னும் புரியவில்லை என்று பொருள்.

• முதலில் தோன்றும் விடையை ஏற்றுக்கொள்ளாதீர்கள். அது எந்தச் சூழலில் உடையும் என்று தேடுங்கள். உடைக்க முடியாதபோது ஏற்கலாம்.

• சிறிய எண்களைக் கொண்டு மனத்தில் ஓட்டிப் பாருங்கள். கணக்கில் ஒரு ரூபாய் கூட இல்லை, ஒருவர் மட்டும் இருக்கிறார், இருவர் ஒன்றாக வருகிறார்கள் என்ற மூன்று நிலைகளிலேயே பெரும்பாலான பிழைகள் வெளிப்பட்டுவிடும்.

• கைப்பேசியைப் பையில் வையுங்கள். குறிப்பெடுக்கச் சிறு ஏடும் பென்சிலும் போதும். தோன்றியதை இறங்கும் முன் இரண்டு வரியில் எழுதிவிடுங்கள்.

• வாகனம் ஓட்டும்போது இம்முயற்சி கூடவே கூடாது. சாலையில் கண்ணும் கருத்தும் சாலைக்கே உரியவை.

• அலுவலக நிரலையோ வாடிக்கையாளர் விவரங்களையோ ரயில் பெட்டியில் மடிக்கணினியைத் திறந்து வைத்துப் பார்க்க வேண்டாம். மனத்தில் உள்ள சிக்கலைப் பக்கத்து இருக்கைக்காரர் எட்டிப் பார்க்க முடியாது என்பது இம்முறையின் கூடுதல் நன்மை.

• வழியில் கிடைத்த விடையை மேசைக்கு வந்ததும் சரிபாருங்கள். திடீரெனத் தோன்றும் உறுதி சில வேளைகளில் ஏமாற்றிவிடும் என்று புவான்காரேயே எச்சரித்திருக்கிறார்.

சுரங்கத்தில் சிக்கிய பணம்

இதே சுரங்கத்தில் சிக்கும் வாடிக்கையாளர் என்ன செய்ய வேண்டும்? பதில் வரவில்லை என்றால் உடனே மறுபடி செலுத்தாமல், செயலியில் பரிவர்த்தனையின் நிலையையும், கணக்கில் உள்ள இருப்பையும் முதலில் பாருங்கள். யூபிஐ பரிவர்த்தனையில் காணும் 12 இலக்கக் குறிப்பு எண்ணைக் குறித்து வையுங்கள். உங்கள் பணத்தின் தடத்தை வங்கி தேடிக் கண்டுபிடிக்க உதவுவது அந்த எண்தான்.

சிந்தனை எங்கேனும் தவறிய இடத்துக்கு விதியின் பாதுகாப்பும் உண்டு. இந்திய ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யூபிஐ மூலம் ஒருவருக்கு அனுப்பிய பணம் உங்கள் கணக்கில் பற்று வைக்கப்பட்டுப் பெறுபவர் கணக்கில் சேராவிட்டால், பரிவர்த்தனை நாளுக்கு அடுத்த நாளுக்குள் திருப்பப்பட வேண்டும். வணிகருக்குச் செலுத்தியது உறுதியாகாவிட்டாலும், ஏடிஎம்மில் பற்று வைக்கப்பட்டும் பணம் வெளிவராவிட்டாலும் ஐந்து நாள்களுக்குள் திருப்பப்பட வேண்டும். கெடு தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு உண்டு. இதை நாம் புகார் செய்யும்வரை காத்திராமல் வங்கிகள் தாமாகவே வழங்க வேண்டும்.

ஆயினும் இழப்பீடு வேண்டிய நிலையே வராதிருப்பதுதான் சிறப்பு. ‘இந்த இடத்தில் நின்றுவிட்டால் என்ன ஆகும்?’ என்று யாரோ ஒருவர் பொறுமையாகக் கேட்டுப் பார்த்ததால்தான், ஒவ்வொரு நாளும் எண்ணற்ற பரிவர்த்தனைகள் நாம் கவனிக்காமலே சரியாக முடிகின்றன. அடுத்த முறை ரயிலில் எதிர் இருக்கையில் ஓர் இளைஞர் கைப்பேசியைத் தொடாமல், சன்னலுக்கு வெளியே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால், அவர் சும்மா இருக்கிறார் என்று நாம் முடிவுகட்ட வேண்டியதில்லை. அவர் நம் 500 ரூபாயைப் பற்றிக்கூட யோசித்துக்கொண்டிருக்கலாம்.